அய்யா வைகுண்டரும் அட்டமா சித்தியும்

அய்யா உண்டு.

திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் காட்டு ஊர்களிலிருந்து நம் தாங்கலுக்கு வருகிறவர்கள் பலவிதமான சங்கடங்களோடு வருகிறார்கள். உச்சிப்படிப்பு முடிந்து, இனிமம் வாங்கிய பிறகு சிலர் ஒதுங்கி நின்று பணிவிடை செய்கிறவர்களிடம் மெதுவாகக் கேட்பார்கள். வீட்டில் நகை காணாமல் போய்விட்டது, எடுத்தது யார் என்று அய்யா சொல்வாரா? பிள்ளைக்குச் செய்வினை வைத்திருப்பதாகக் குறிகாரர் சொல்கிறார், அதை எடுக்க இங்கே ஆள் உண்டா? இன்ன ஊர்ச் சாமியாருக்குச் சித்தி கைகூடியிருக்கிறதாம், அவரிடம் போகலாமா?

இப்படிக் கேட்பவர்களை ஏளனம் செய்யக்கூடாது. கஷ்டம் கழுத்தை நெரிக்கும்போது மனிதன் எந்தக் கதவையும் தட்டுவான். ஆனால் இந்தக் கேள்விகளுக்கு நம் அய்யாவின் வாழ்க்கையிலேயே விடை இருக்கிறது. அதை நினைவுபடுத்தவே இந்தச் சிறு பிரசுரம்.

சித்தி என்பது என்ன

நம் முன்னோர் எட்டு வகைச் சித்திகளைச் சொன்னார்கள். அணுவைப் போலச் சிறிதாவது அணிமா. மலையைப் போலப் பெரிதாவது மகிமா. காற்றைப் போல இலேசாவது இலகிமா. அசைக்க முடியாத கனமாவது கரிமா. நினைத்ததை அடைவது பிராப்தி. நினைத்த வடிவம் எடுப்பது பிராகாமியம். எல்லாவற்றையும் ஆளுவது ஈசத்துவம். எல்லாரையும் வசப்படுத்துவது வசித்துவம். திருமூலர் தம் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இவற்றை விரித்துச் சொல்கிறார். பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்தின் மூன்றாம் பாதத்தில் இத்தகைய ஆற்றல்கள் எப்படி வரும் என்று வரிசையாகக் கூறுகிறார். அதே பாதத்தில், வெளியே பார்க்கிற மனத்துக்கு இவை பெரும் பேறாகத் தோன்றினாலும் சமாதிக்கு இவை இடையூறு என்று எச்சரிக்கவும் செய்கிறார்.

நமக்குப் பக்கத்தில் சங்கரன்கோவிலில் பாம்பாட்டிச் சித்தரின் ஜீவசமாதி இருப்பதாக மக்கள் வணங்கி வருகிறார்கள். அவர் கதை இங்கே பலருக்கும் தெரியும். காட்டில் பாம்பு பிடித்துத் திரிந்தவர் ஒரு நாள் மாணிக்கம் கக்கும் பாம்பைத் தேடிப் போனார். வழியில் சட்டைமுனி எதிர்ப்பட்டு, பிடிக்கவேண்டிய பாம்பு உடம்புக்குள் சுருண்டு கிடக்கும்போது புற்றுக்குள் கைவிடுவானேன் என்று உணர்த்தினார். அன்றோடு அவர் வெளிப்பாம்பை விட்டார் என்பது கதை. இந்த மண்ணில் சித்தர் என்று பெயர் எடுத்தவர்களே வித்தையைக் காட்டிலும் உள்ளே அடங்குவதைத்தான் பெரிதாக எண்ணினார்கள் என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

இனி அய்யாவின் வாழ்க்கைக்கு வருவோம்.

முத்துக்குட்டி

1809-ஆம் ஆண்டு தென் திருவிதாங்கூரில் சாஸ்தாங்கோவில்விளை என்ற சிற்றூரில், பொன்னுமாடன் என்பவருக்கும் வெயிலாள் அம்மைக்கும் ஒரு பிள்ளை பிறந்தது. இன்று சாமிதோப்பு என்று நாம் போற்றும் பதி அந்த ஊர்தான். பெற்றோர் ஆசையோடு வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். பனையேறுகிறவன் வீட்டுப் பிள்ளைக்கு முடிசூடும் பெயரா என்று மேல்சாதியார் எதிர்த்தார்கள். பெயர் முத்துக்குட்டி என்று மாறியது.

ஒரு குழந்தையின் பெயரைக்கூட மற்றவர் தீர்மானித்த காலம் அது. பனையேறி மக்களும் அவர்களைப் போன்ற ஏழைச் சாதியாரும் தலைக்கு வரி கட்டினார்கள். கூலியில்லாமல் ஊழியம் செய்தார்கள். பெண்கள் மேலே துணி போடக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக்கூடாது, தலையில் துண்டு கட்டக்கூடாது. குடை பிடிக்கவும் செருப்பு அணியவும் தடை. கோவில் தெருவில் நடக்கத் தடை, பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கத் தடை.

முத்துக்குட்டி பனையேறியும் தோட்ட வேலை செய்தும் பிழைத்தார். புவியூரைச் சேர்ந்த திருமாலம்மாள் அவருக்கு வாழ்க்கைத் துணையானார். சிறுவயது முதலே விஷ்ணு பக்தி அவரிடம் இருந்தது. வீட்டிலேயே விஷ்ணுவுக்குப் பீடம் வைத்து வணங்கினார் என்பார்கள். இருபதுகளில் இருந்தபோது கடும் நோய் கண்டது. நடக்க முடியாமல் படுக்கையில் விழுந்தார்.

கடலும் தவமும்

திருச்செந்தூருக்குக் கொண்டுபோனால் நல்லது நடக்கும் என்று தாய் வெயிலாளுக்குக் கனவில் தெரிந்தது. தொட்டில் கட்டி அவரைச் சுமந்துகொண்டு உறவினர் நடந்தார்கள். வழியில் சோறு உண்ண இறக்கி வைத்தபோது, எழுந்திருக்க முடியாமல் கிடந்தவர் எழுந்தார். நேரே திருச்செந்தூர் நோக்கி நடந்தார். கடலுக்குள் இறங்கி மறைந்தார். கூட வந்தவர்கள் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. தாய் மட்டும் கரையைவிட்டு அகலாமல் அழுதுகொண்டு இருந்தாள். மூன்றாம் நாள், கொல்லம் ஆண்டு 1008 மாசி 20 அன்று, அதாவது ஆங்கில ஆண்டு 1833-இல், அவர் கடலிலிருந்து வைகுண்டராக எழுந்து வந்தார். இந்த நாளைத்தான் நாம் அவதார தினமாகக் கொண்டாடுகிறோம். ஆண்டுதோறும் நாகர்கோவிலிலிருந்து சாமிதோப்புக்கு ஊர்வலமாக நடக்கிறோம்.

கடலிலிருந்து வந்தவர் அங்கேயே ஒரு பந்தல் போட்டு அமர்ந்திருந்தால் கூட்டத்துக்குக் குறைவு இருந்திருக்காது. மூன்று நாள் கடலுக்குள் இருந்து மீண்டவர் என்ற செய்தி ஒன்றே போதும். ஆனால் அவர் தம் ஊருக்கு நடந்து வந்து, பூவண்டன்தோப்பில் ஆறு ஆண்டுத் தவத்தைத் தொடங்கினார். முதல் இரண்டு ஆண்டு ஆறடிக் குழிக்குள் தவம். அடுத்த இரண்டு ஆண்டு தரையில். கடைசி இரண்டு ஆண்டு மேடான இருக்கையில். முதல் தவம் உலகத்துக்காக, இரண்டாம் தவம் ஒடுக்கப்பட்ட சாதிக்காக, மூன்றாம் தவம் முன்னோருக்காகவும் பெண்களுக்காகவும் என்று அகிலத்திரட்டு சொல்கிறது.

சித்தி வேண்டித் தவம் செய்கிறவர்கள் தமக்காகச் செய்கிறார்கள். தம் உடம்பு கல்லாக வேண்டும், தம் சொல் பலிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். அய்யா செய்த மூன்று தவத்திலும் தமக்கென்று ஒரு வரமும் கேட்கவில்லை. இதை நாம் நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

பேயும் மந்திரமும்

அந்தக் காலத்தில் ஏழை மக்களைப் பிடித்திருந்தது வரி மட்டும் அல்ல, பயமும்தான். பேய்க்குப் பயந்து ஆடும் கோழியும் பலி கொடுத்தார்கள். மந்திரவாதிக்குப் பயந்து இருக்கிற காசையும் கொடுத்தார்கள். உச்சி வேளையில் பனையிலிருந்து தவறி விழுந்தவனையும் பேய் தள்ளிவிட்டது என்றார்கள். அந்தப் பேய்க்கும் ஒரு பலி கொடுத்தார்கள். பகலெல்லாம் பாடுபட்டுச் சேர்த்தது இரவில் கழிப்புக்கும் கொடைக்கும் போயிற்று.

அய்யா பேய்களை வரவழைத்து, அவற்றின் வலுவை ஒடுக்கி எரித்தார் என்று அகிலம் விரிவாகப் பாடுகிறது. மந்திரவாதம் செய்தவர்களின் வித்தைகளையும் அடக்கினார். இங்கே கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. அடக்கிய மந்திரத்தைத் தாம் எடுத்துக்கொள்ளவில்லை, சீடர் ஒருவருக்கும் கற்றுக்கொடுக்கவும் இல்லை. பலி கூடாது, கைக்காணிக்கை கூடாது, மந்திரவாதம் கூடாது என்று மக்களுக்கு விதித்தார். நோய் என்று வந்தவர்களுக்குத் தண்ணீரும் மண்ணும் கொடுத்தார். தண்ணீருக்கும் மண்ணுக்கும் விலை கிடையாது. அவற்றை யாரும் பூட்டி வைத்து விற்க முடியாது. ஏழையிடமிருந்து காசு பிடுங்கும் வழியை அந்த இடத்திலேயே அவர் அடைத்துவிட்டார்.

மன்னன் கையில் மோதிரம்

சாமிதோப்பில் கூட்டம் பெருகியது. சாதி பாராமல் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்தார்கள், ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்டார்கள். இது அரசாங்கத்தின் காதுக்கு எட்டியது. அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் சுவாதித் திருநாள். 1838-இல் அய்யாவைப் பிடித்துவர ஆணை பிறந்தது. ஆயர் குலத்துப் பூவண்டர் மன்னனுக்கு எடுத்துச் சொல்லித் தடுத்துப் பார்த்தார். மன்னன் கேட்கவில்லை. சேவகர் வந்து அய்யாவைக் கட்டி அடித்து, சுசீந்திரத்துக்குக் கொண்டுபோனார்கள். அழுது தொடர்ந்த மக்களை அய்யா பொறுமையாக இருக்கச் சொல்லி அமர்த்தினார்.

அங்கே மன்னன் ஒரு சோதனை வைத்தான். ஒரு மோதிரத்தைக் கைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு, என் கையில் இருப்பது என்ன என்று கேட்டான். நீ நாராயணன் என்றால் சொல் பார்க்கலாம் என்பது அதன் பொருள்.

அய்யா சொல்லவில்லை.

அறியாமல் அல்ல, அறிந்தே அடக்கமாக இருந்தார் என்று ஏடு வாசிக்கும் பெரியவர்கள் விளக்குவார்கள். அந்த இடத்தில் ஏன் மௌனம்? என் சிற்றறிவுக்கு எட்டியதைச் சொல்கிறேன். அய்யா மோதிரம் என்று சொல்லியிருந்தால் மன்னன் வியந்திருப்பான். பட்டும் பொன்னும் கொடுத்து அரண்மனையில் ஒரு மூலையில் உட்கார வைத்திருப்பான். போருக்குப் போகலாமா, பொருள் சேருமா என்று தினமும் கேட்டிருப்பான். வெளியே தலைவரி அப்படியே இருந்திருக்கும். ஊழியம் அப்படியே இருந்திருக்கும். தோளில் துணி போட்ட பெண்ணை அடித்துக்கொண்டேதான் இருந்திருப்பார்கள். கைக்குள் இருப்பதைச் சொல்கிறவன் மன்னனுக்கு வேண்டியவன் ஆகிவிடுவான். மன்னன் கை யாரை அடிக்கிறது என்று சொல்ல வந்தவருக்கு அந்த இடம் வேண்டியதில்லை.

இன்று நகை காணவில்லை என்று மை போட்டுப் பார்க்கப் போகிறவர்கள் இந்தக் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். நாம் கேட்பதும் அந்த மன்னன் கேட்ட அதே கேள்விதான். மறைந்திருப்பதைச் சொல், நம்புகிறேன் என்கிறோம். தம் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளக்கூட அய்யா அதற்கு வாய் திறக்கவில்லை.

புலிக்கூண்டு

நஞ்சு கலந்த பாலைக் கொடுத்தார்கள். அய்யா குடித்தார், ஒன்றும் ஆகவில்லை. திருவனந்தபுரத்துக்கு நடத்திக் கொண்டுபோய்ச் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார்கள். சுண்ணாம்புக் காளவாயில் தள்ளினார்கள். மிளகாய் வற்றல் புகையில் அடைத்தார்கள். கடைசியில் பசியோடு இருந்த புலியின் கூண்டுக்குள் விட்டார்கள். புலி பாயாமல் அவர் முன் அடங்கிப் படுத்தது என்று அகிலம் சொல்கிறது.

இது சித்தி ஆகாதா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. புலியைக் கேட்டது யார், கூட்டம் கூட்டியது யார் என்று பாருங்கள். வேடிக்கை பார்க்க மக்களைத் திரட்டியது அரசாங்கம். அய்யா அந்தக் கூண்டுக்குள் தாமாகப் போகவும் இல்லை, வெளியே வந்து அதைச் சொல்லிப் பெருமை கொள்ளவும் இல்லை. புலி அடங்கிய அன்றே சிறைக் கதவைத் திறந்துகொண்டு அவர் புறப்பட்டிருக்கலாம். அப்படியும் செய்யவில்லை. மற்றக் கைதிகளைப் போல நூறு நாட்களுக்கு மேல் சிறையில் இருந்தார். பனையேறி மக்கள் படும் துன்பத்தில் தாமும் பங்கு எடுத்துக்கொண்டார்.

அய்யாவுக்கு முன்னே வாழ்ந்த தாயுமானவர், கொடிய விலங்கின் வாயைக் கட்டுவதுகூட ஆகக்கூடிய காரியம், மனத்தை அடக்கிச் சும்மா இருப்பதுதான் அரிது என்ற கருத்தைப் பாடியிருக்கிறார். புலி அடங்கியதைவிட, அடித்தவர்கள் மேல் கோபம் கொள்ளாமல் அய்யா அடங்கி இருந்ததே பெரிய சித்தி என்று நான் எண்ணுவது இதனால்தான்.

பிறகு மன்னன் இறங்கி வந்தான். தம் சாதியாரோடு மட்டும் பழகுவேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் விடுதலை என்றார்கள். அய்யா மறுத்துவிட்டார். எல்லாச் சாதியையும் ஒன்றாக்க வந்தவர் அந்த ஒரு வரிக்கு உடன்படவில்லை. குறித்த நாள் வந்தபோது, 1839 மாசி மாதத்தில், எந்த நிபந்தனையும் இல்லாமல் வெளியே வந்தார். மக்கள் அவரை வாகனத்தில் சுமந்து சாமிதோப்புக்குக் கொண்டு வந்தார்கள்.

மக்களுக்குக் கொடுத்த தவம்

விடுதலையாகி வந்த அய்யாவிடம் சித்தி கேட்டு வந்தவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு அவர் கொடுத்தது துவையல் தவசு. எழுநூறு குடும்பங்கள் கடற்கரையில் உள்ள வாகைப்பதிக்குப் போனார்கள். பின்னர் முட்டப்பதிக்கும் போனார்கள். நாள்தோறும் பல தடவை கடலில் குளித்துத் துணி துவைத்தார்கள். அரிசியும் சிறுபயறும் சேர்த்துச் சமைத்து ஒரு வேளை உண்டார்கள். புலாலைத் தொடவில்லை. ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் ஒரே ஒழுங்கில் வாழ்ந்தார்கள்.

அழுக்கானவர்கள், தொடத்தகாதவர்கள் என்று ஊர் ஒதுக்கிய மக்கள் அவர்கள். தண்ணீர்த் துறைக்கே வரவிடாத ஊரில் இருந்து போனவர்கள். அவர்களுக்குத் துவைத்த துணியும் சுத்தமான உடம்பும் ஒருவேளைச் சோறும் கூட்டு வாழ்க்கையும் கொடுத்த தைரியத்தை எந்த மந்திரம் கொடுத்திருக்கும்? தலையில் பாகை கட்டி, நெற்றியில் வெண்மண் நாமம் தரித்து, நிமிர்ந்து நடக்கக் கற்றார்கள். அணிமாவும் மகிமாவும் ஒருவருக்குத்தான் கைகூடும். இந்தச் சித்தி எழுநூறு வீட்டுக்கும் ஒரே நேரத்தில் கைகூடியது.

தருமம், வீமன், அர்ச்சுனன், நகுலன், சகாதேவன் என்ற பெயர்களில் ஐந்து சீடர்களை அய்யா தெரிந்தெடுத்தார். அவர்களில் சகாதேவ சீடரான அரிகோபாலர் 1841-இல் அகிலத்திரட்டு அம்மானையை எழுதினார். முத்திரிக்கிணறு எல்லாருக்கும் பொதுவானது. கடம்பன்குளம், பாம்பன்குளம் போன்ற நெல்லைச் சீமை ஊர்களிலும் அய்யா காலத்திலேயே தாங்கல்கள் எழுந்தன. தென் திருவிதாங்கூரில் இருந்த லண்டன் மிஷன் பாதிரிமார் அவரை ஏற்கவில்லை என்றாலும், முத்துக்குட்டியின் பின்னே மக்கள் திரண்டதைத் தங்கள் அறிக்கைகளில் குறித்து வைத்தார்கள்.

1851 வைகாசி 21-இல் அய்யா வைகுண்டம் ஏகினார். எட்டு ஆண்டு கழித்து, 1859-இல், பெண்கள் மேலாடை அணியலாம் என்று திருவிதாங்கூர் அரசு ஆணை போட்டது. அந்த உரிமைக்குப் பலர் பல வழியில் போராடினார்கள். நிமிர்ந்து நிற்கலாம் என்ற எண்ணத்தை ஏழையின் மனத்தில் விதைத்தவர்களில் அய்யா முதன்மையானவர்.

நமக்கு

பதியின் பள்ளியறையில் சிலை இல்லை, கண்ணாடி இருக்கிறது. அய்யாவைப் பார்க்கப் போகிறவன் அதில் தன்னையும் பார்க்கிறான். செய்வினை வைத்தது யார் என்று ஊரெல்லாம் தேடுகிறவனுக்கு அந்தக் கண்ணாடி ஒன்றே போதும். நான் யாரிடம் பொய் சொன்னேன், யார் கூலியைக் குறைத்தேன், உடன்பிறந்தவனோடு ஏன் பேசாமல் இருக்கிறேன் என்று தன்னையே கேட்டுக்கொள்ளலாம்.

நம் கரிசல் காட்டில் பாம்புக்கடி இன்றும் நடக்கிறது. பருத்திக் காட்டிலும் சோளக் காட்டிலும் வேலை செய்கிறவர்களுக்கு அந்தப் பயம் தெரியும். கடிபட்டவரை மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு ஓடுகிற வழக்கம் முழுவதும் ஒழியவில்லை. அந்த நேரத்தில் உயிர் போகும். விஷமுறிவு மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இருக்கிறது, காசும் கிடையாது. அய்யாவை நினைத்துக்கொண்டு நேராக அங்கே கொண்டுபோங்கள். கடித்த இடத்தைக் கீற வேண்டாம், இறுகக் கட்டவும் வேண்டாம், கடிபட்டவரை நடக்கவிடவும் வேண்டாம். மனநோயும் அப்படித்தான். பெண்பிள்ளை தலைவிரித்து ஆடினால் பேய் என்று முடிவுகட்டிச் சங்கிலி போட்டு அடிக்காதீர்கள். அய்யா பேயை எரித்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தப் பிள்ளையை டாக்டரிடம் காட்டுங்கள். தாங்கலுக்கும் கூட்டி வாருங்கள், உகப்படிப்பில் உட்கார வையுங்கள், மனம் ஆறட்டும். நாமமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகை இல்லை.

பணம் கேட்டு அய்யா பேரில் குறி சொல்கிறவர்கள் யாராவது வந்தால், அய்யா கைக்காணிக்கை வாங்கியது உண்டா என்று ஒரு கேள்வி கேளுங்கள். அது போதும்.

கையில் காசு மிஞ்சினால் அன்னதர்மத்துக்கு ஒரு படி அரிசி கொடுங்கள். காசு இல்லையென்றால் பந்தியில் தண்ணீர் ஊற்றுங்கள், இலை எடுங்கள். யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று பார்க்காமல் உட்காருங்கள். தம்மைத் தாழ்த்தியவர் முன்னும் நிமிர்ந்து நிற்பது, தமக்குக் கீழே உள்ளவரைத் தூக்கி விடுவது, கோபம் வரும்போது பொறுப்பது. இந்த மூன்றும் கைவந்தவனுக்கு அட்டமா சித்தியால் ஆகவேண்டியது எதுவும் இல்லை.

எல்லாருக்கும் அய்யா துணை.

அய்யா உண்டு.